யூதாஸுக்கு வைத்த முகம்

எடெல்மிராவின் வேனில் ஏறிய வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஏமாந்தார்கள். ஓவியம் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து ஏறினார்கள். பார்த்தார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அரண்மனைப் படிக்கட்டுச் சுவர், கல்வி அமைச்சக முற்றம், கொயொவாகானில் ஓவியர் ஃப்ரீடாவின் நீல வீடு, சான் ஆங்ஹெலில் அவளும் புருஷன் டியேகோ ரிவேராவும் இருந்த, நடுவே பாலம் போட்ட இரட்டை வீடு, எல்லாம் பார்த்தார்கள். ஆனால் அதெல்லாம் எடெல்மிராவுக்கு இலையின் ஓரத்தில் வைக்கிற ஊறுகாய். காலையிலிருந்து அவள் தொண்டை வறளக் கத்தியது சாயங்காலம் போய் நிற்கப்போகிற ஒரே ஒரு சுவருக்காகத்தான். அந்தச் சுவரை வரைந்தவன்மேல் அவளுக்கு அவ்வளவு வன்மம். அவன் செத்து, புதைத்த இடத்தில் மரம் வைத்து, அந்த மரமும் பெரிதாகிவிட்டது. வன்மம் மட்டும் சாகவில்லை.

நான் தினோ. அந்த வேனை ஓட்டியவன். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண்தான் ரோட்டில் இருக்க வேண்டும், காது சும்மாதானே இருக்கிறது? வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அவள் கதையை அவளைவிட நானே நன்றாகச் சொல்வேன். ஆனால் அவள் சொல்லும்போது இருந்த அந்தக் கொதிப்பு எனக்கு வராது. எனக்குக் கோபம் வந்தால் அடுத்த சிக்னலில் தீர்ந்துவிடும்.

எடெல்மிரா ஆள் குள்ளம். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் குடை. அதை மழைக்கும் விரிக்க மாட்டாள், வெயிலுக்கும் விரிக்க மாட்டாள். கூட்டம் தொலைந்துபோகாமல் இருக்க உயரத் தூக்கிப் பிடிப்பாள், அவ்வளவுதான். கழுத்தில் வழிகாட்டி அட்டை. அந்த அட்டைக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சின்ன வயதில் ஒரு அருங்காட்சியக வாசலில் சீட்டுக் கிழித்தாள். அங்கே வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு சொல், இரண்டு சொல் என்று பொறுக்கி இங்கிலீஷ் கற்றாள். பரீட்சையில் இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள். மூன்றாவது முறை பாஸாகி அட்டை கைக்கு வந்த அன்றே முதல் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நேரே அந்தச் சுவருக்குத்தான் போனாள். மற்ற இடங்களெல்லாம் பிறகு சேர்ந்தவை. வெறும் சந்தைச் சுவரைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

காலையில் அமைச்சக முற்றத்தில் நின்று ஆரம்பிப்பாள். டியேகோ ரிவேரா வரைந்த பணக்காரர் விருந்துக்குக் கீழே நின்றுகொண்டு சொல்வாள்:

“நல்லாப் பார்த்துக்கோங்க. இங்க உக்காந்து சாப்பிடறவங்க யாரு எவருன்னு அந்தக் காலத்து ஜனங்களுக்குப் பார்த்த உடனே தெரியும். எங்க ஊர் ஓவியனுக்கு ஒருத்தரைப் பிடிக்கலேன்னா கோர்ட்டு கச்சேரின்னு அலைய மாட்டான். சுவத்துல ஏத்திடுவான். அப்புறம் நீங்க எங்க ஓடினாலும் உங்க மூஞ்சி அங்கேயே இருக்கும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். யாராவது ஒரு நல்ல மனிதர், “அது நியாயமாம்மா?” என்று கேட்பார்.

“பணக்காரனை ஏத்தினா நியாயம். ஏழையை ஏத்தினா என்னங்கிறதை சாயங்காலம் சொல்றேன்.”

அதோடு விட்டுவிடுவாள். நீல வீட்டில் வரிசையில் நிற்பதும், கொயொவாகான் சந்தையில் சீஸ் வைத்து மடித்து எண்ணெயில் பொரித்த கெசடியா ரொட்டியைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வதும், கழிப்பறை எங்கே கழிப்பறை எங்கே என்று என் உயிரை எடுப்பதுமாக அவர்கள் பொழுது போகும். சாயங்காலம் சான் கிறிஸ்பின் சந்தை வாசலில் வேனை நிறுத்துவேன். எடெல்மிராவின் முகம் அங்கே மாறிவிடும்.

சந்தைக்குள் நுழைந்ததும் வலது பக்கத்துச் சுவர் முழுக்க லியாந்திரோ சால்டிவாரின் ஓவியம். ரிவேரா அளவுக்கு உலகம் அறிந்த ஆள் இல்லை, ஆனால் எங்கள் பேட்டையில் அவன் பெயர் சொன்னால் தெரியும். அந்நியப் படை நகருக்குள் வருகிற காட்சி. குதிரைகள், பீரங்கி, புகை. நடுவில் ஒரு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் ஒரு பெண். ரவிக்கை தோளிலிருந்து நழுவியிருக்கிறது. ஒரு கையில் கோட்டைச் சாவியை அவனுக்கு நீட்டுகிறாள், இன்னொரு கையில் அவன் போடுகிற பொற்காசை ஏந்துகிறாள். முகத்தில் ஒரு இளிப்பு. அந்தப் பெண்ணின் முகம் எடெல்மிராவின் அம்மா நியேவெஸ் கிழவியின் முகம். கிழவி என்று இப்போது சொல்கிறேன், வரைந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்காது.

எடெல்மிரா குடை நுனியை அந்த முகத்துக்கு நேரே நீட்டிக் கதையைச் சொல்வாள்.

நியேவெஸ் அந்தச் சந்தையில் கறிக்குச் சப்பாத்திக்கள்ளி மடல் விற்றவள். மடலைக் கையில் பிடித்து முள்ளைச் சீவுகிற வேகத்தைப் பார்த்தால் கண் கூசும். சுவர் வரைய வந்த சால்டிவார், தாய்நாட்டுக்கு ஒரு முகம் வேண்டும், நீதான் அந்த முகம் என்று அவளிடம் சொன்னான். அவளும் சந்தை நடுவில், பத்துப் பேர் பார்க்க, இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். பிறகு அவன், மிச்சத்தை வரைய என் வீட்டுக்கு வா, துணியில்லாமல் உட்கார வேண்டும் என்று காதோடு சொல்லி இடுப்பில் கை வைத்தான். கையில் சீவாத மடல் இருந்தது. முள்ளோடு அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். சந்தை ஒரு வாரம் சிரித்தது. கருவாட்டுக்காரி முதல் கசாப்புக்காரன் வரை, “ஓவியரே, சவரம் பண்ணிக்கிட்டீங்களா?” என்று கேட்டார்கள். அவன் சாரத்தில் ஏறிப் படுதாவைக் கட்டிக்கொண்டு வரைந்தான். பாண்டு வாத்தியம் முழங்கப் படுதாவை இறக்கிய அன்று தாய்நாட்டுக்கு வேறு யாரோ ஒருத்தியின் முகம் இருந்தது. நியேவெஸ் அதிகாரியின் மடியில் இருந்தாள்.

“அன்னியிலேருந்து சந்தைக்கு வந்து போற எவனும் எங்க அம்மா கூடையில ஒரு சில்லறைக் காசைத் தூக்கிப் போட்டுட்டு, ‘சாவி எங்கடி?’ன்னு கேட்டுட்டுப் போவான். பள்ளிக்கூடத்துல என்னைக் கூப்பிட்ட பேரு என்ன தெரியுமா? காசுக்காரி மவ. எனக்கு அப்ப ஆறு வயசு.” இந்த இடத்தில் எடெல்மிராவின் குரல் இறங்கும். “எங்க அப்பா ஹசிந்தோ, டிராம் கண்டக்டர். மானஸ்தன். பாவம், அவரால தாங்க முடியலை. நெருப்பில்லாம புகையுமான்னு ஊரே பேசினா மனுஷன் என்ன பண்ணுவாரு? அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. இந்தச் சுவரு எங்க அப்பாவை என்கிட்டேருந்து பறிச்சுது. வரைஞ்சவன் பேரு லியாந்திரோ சால்டிவார். உங்க ஊருக்குப் போயி இந்தப் பேரைச் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

தினமும் சொல்வாள், தினமும் அந்த ‘பாவம்’ என்கிற இடத்தில் கண் கலங்குவாள். நடிப்பு இல்லை. கூட்டத்தில் நாலு பேர் மூக்கை உறிஞ்சுவார்கள். எனக்கே அந்த ஹசிந்தோவை நினைத்தால் பாவமாக இருக்கும், இத்தனைக்கும் நான் அவனைப் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நியேவெஸ் அந்தச் சுவருக்கு எதிரே, முதுகைக் காட்டியபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். கடையை வேறு வரிசைக்கு மாற்றித் தருகிறோம் என்று சந்தைக்காரர்கள் எத்தனையோ தரம் சொன்னார்கள். “என் இடத்தை நான் ஏன் விடணும்? வேணும்னா சுவரு நகரட்டும்” என்றுவிட்டாள். மகள் பேசி முடிக்கிறவரை மடலைச் சீவுவாள். முடித்ததும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து, “வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லேன்னா நகரு. வர்ற ஆளை மறைக்காதே” என்பாள். மகளிடம் ஒரு நாளும், நல்லாச் சொன்னேடி என்றும் சொன்னதில்லை, சொல்லாதேடி என்றும் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒக்டாவியோ வந்தான். சால்டிவாரின் மகன். அப்பன் வீட்டை அருங்காட்சியகமாக்கிக் காவல் காத்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் எடெல்மிரா குடையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்று முழுசாகக் கேட்டான். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல சென்ட் வாசனை. கூட்டம் நகர்ந்ததும் கிட்டே வந்தான்.

“அம்மணி, செத்துப்போன மனுஷனை இன்னும் எத்தனை நாளைக்குச் சந்தி சிரிக்க வெக்கப்போறீங்க?”

“உங்க அப்பா எங்க அம்மாவைப் பார்த்து ஊரைச் சிரிக்க வெச்சாரே, அந்தச் சிரிப்பு ஓயற வரைக்கும்.”

“சரி, கோவம் நியாயமாவே இருக்கட்டும். அவருக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறோம். இந்தச் சுவத்தைப் புதுப்பிக்கப் போறோம். அந்த முகத்தை மாத்தி வரையச் சொல்றேன். உங்க அம்மா மாதிரியே இருக்காது. நீங்களும் இந்தக் கதையை விட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது.”

நான் வேனுக்குப் பக்கத்தில் நிற்காமல் பின்னாலேயே போனது நல்லதாயிற்று. எடெல்மிரா குடையை ஓங்கிவிட்டாள். கையைப் பிடித்தேன்.

“மாத்துவியா? குத்தினவன் மவன் வந்து கத்தியைக் கழுவி வெக்கிறேங்கிறியா? அந்த முகத்துல ஒரு பூச்சு விழட்டும், விழுந்த அன்னிக்கு உன் மூஞ்சியில விழும். அது சாட்சிடா! எங்க அம்மாவுக்கு இருக்கிற ஒரே சாட்சி!”

ஒக்டாவியோ பின்வாங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு போனான். போனவன் சும்மா போகவில்லை. மறைந்த கலைஞரைப் பற்றி வெளிநாட்டினரிடம் கட்டுக்கதை பரப்புகிறாள், கேட்டால் அடிக்க வருகிறாள் என்று புகார் கொடுத்துவிட்டான். அதிகாரிகளிடம் அவனுக்குச் செல்வாக்கு இருந்தது. கூப்பிட்டு அனுப்பி, விசாரணை ஈஸ்டருக்கு அப்புறம், அதுவரை கூட்டம் கூட்டிப் போகக்கூடாது என்று சொல்லி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாத எடெல்மிராவை நான் அன்றுதான் பார்த்தேன். வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வுடுங்க முதலாளி. அழுகல் பயலுங்க” என்றேன்.

“வண்டியை சான் ஆங்ஹெலுக்கு விடு தினோ.”

“எதுக்கு? அட்டைதான் இல்லையே.”

“சீட்டு வாங்கிக்கிட்டுப் போறேன். எவன் தடுப்பான்?”

போனோம். இரட்டை வீட்டில் மாடி ஸ்டூடியோவுக்கு நேரே ஏறினாள். ரிவேரா சேர்த்து வைத்த யூதாஸ்கள் அங்கே நிற்கின்றன, காகிதக் கூழில் செய்த ராட்சச பொம்மைகள், ஆளைவிட உயரம். அவற்றுக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றாள். காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தான்.

“தினோ, அந்த விழா என்னிக்கு?”

“ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அப்பன் பொறந்த நாளாம்.”

“அந்த சனிக்கிழமை நாம என்ன செய்வோம்?”

எனக்கு மெல்ல விளங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊரில், காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைக் கொளுத்துவோம். காகித யூதாஸுக்கு உடம்பெல்லாம் வெடி சுற்றி, யாரைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறதோ அந்த ஆளின் முகத்தை வைத்து, கயிற்றில் தொங்கவிட்டு நெருப்பு வைப்போம். அமைச்சர், போலீஸ், வாடகை ஏற்றியவன், யார் முகம் வேண்டுமானாலும் வைக்கலாம். கேட்க ஆள் கிடையாது. சான் கிறிஸ்பின் சந்தையில் அது ஒரு வருஷம் தவறியதில்லை. நல்ல பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒக்டாவியோவுக்கு அது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? போயும் போயும் அந்தத் தேதியில், அந்தச் சந்தை வாசலில் அப்பனுக்கு விழா வைத்திருக்கிறான். வலிய வந்து கழுத்தை நீட்டியிருக்கிறான்.

“மக்லோவியோகிட்ட போ” என்றாள் எடெல்மிரா.

மக்லோவியோதான் எங்கள் பேட்டைக்கு யூதாஸ் செய்கிறவர். கூடத்தில் காகிதக் கால்களும் கைகளும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. எடெல்மிரா சால்டிவாரின் பழைய புகைப்படத்தை அவர்முன் வைத்தாள்.

“இதே மீசை, இதே தொப்பி, கையில தூரிகை. கன்னத்துல முள்ளுத் தழும்பு மறக்காம வேணும். ரெண்டு ஆள் உயரத்துக்கு இருக்கணும்.”

மக்லோவியோ படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். “செத்தவன்மேல இவ்வளவு காட்டமா, எடெல்மிரா?”

“செத்தா விட்டுடணுமா? சுவரு சாகலையே.”

“அதுவும் சரிதான். வெடி எத்தனை?”

“உங்களுக்குக் கை வலிக்கிற வரைக்கும் சுத்துங்க.”

அங்கிருந்து நேரே சந்தை. நியேவெஸ் கடையை மூடிக்கொண்டிருந்தாள். எடெல்மிரா முக்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை போனதைச் சொன்னாள், யூதாஸைச் சொன்னாள். கடைசியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதாம்மா கொளுத்தணும். இத்தனை வருஷமா இதுக்குத்தான் நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அவன் மவன் கண்ணு முன்னால, பாண்டு வாத்தியத்துக்கு முன்னால, நீ கொளுத்தி நான் பார்க்கணும். அப்பத்தான் என் வயிறு குளிரும்.”

கிழவி கத்தியைத் துடைத்து மடக்கினாள். “பொம்மை யாரு செய்யறா? மக்லோவியோவா?”

“ஆமா.”

“சரி. கொளுத்தறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. வேனில் திரும்பும்போது எடெல்மிரா வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடி நான் கேட்டதில்லை. அவள் பாடாமல் இருந்ததே நல்லது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சந்தை வாசலில் பந்தல், நாற்காலி, மேடை, மேடையில் சால்டிவாரின் பெரிய படம், அதற்கு மாலை. ஒக்டாவியோ கோட்டு சூட்டில் வரவேற்றுக்கொண்டிருந்தான். முன்வரிசையில் அதிகாரிகள், பட்டுச் சால்வை போட்ட சீமாட்டிகள். பின்னால் சந்தை ஜனம் முழுக்க. நாற்காலிக்காரர்கள் விழாவுக்கு வந்திருந்தார்கள், நின்றவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாயிலிருந்த சிரிப்பிலேயே தெரிந்தது. எடெல்மிரா எல்லார் காதிலும் போட்டு வைத்திருந்தாள். கருவாட்டுக்காரியின் பேத்தி ஒரு பெட்டி அழுகல் தக்காளி வேறு கொண்டு வந்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஒக்டாவியோ பேச எழுந்தான். என் தந்தை எளிய மக்களை நேசித்தார் என்று ஆரம்பித்தான். பின்னாலிருந்து எவனோ ஊளையிட்டான். அந்த நேரம் பார்த்து மக்லோவியோவின் தள்ளுவண்டி வந்தது. மேலே படுக்கைத் துணி சுற்றிய நெடிய உருவம். சந்தை வாசலிலிருந்து எதிர்க் கம்பத்துக்குக் கட்டியிருந்த கயிற்றில் துணியோடேயே ஏற்றினார்கள். மேடைக்கு நேர் எதிரே அது ஆடியது. ஒக்டாவியோவுக்கு அப்போதுதான் என்ன நாள் என்று உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப் பேச்சு நின்றது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எடெல்மிரா மேடைக்கும் பொம்மைக்கும் நடுவே போய் நின்றாள். “பேசுங்க ஐயா, ஏன் நிறுத்திட்டீங்க? உங்க அப்பாவைப் பத்தி இன்னும் சொல்லுங்க. நாங்களும் சொல்றோம்.” துணியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

மீசை இல்லை. தூரிகை இல்லை. தழும்பு இல்லை. மழமழவென்று சவரம் செய்த ஒரு இளைஞன் முகம், பழைய காலத்து டிராம் கண்டக்டர் தொப்பி, கையில் ஒரு பெட்டி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த மூக்கையும் தாடையையும் தினமும் என் பக்கத்துச் சீட்டில் பார்த்திருக்கிறேன். அது எடெல்மிராவின் மூக்கு, எடெல்மிராவின் தாடை.

சந்தையின் பழைய கிழவிகள்தான் முதலில் வாயைப் பொத்தினார்கள். “அடி ஆத்தே, ஹசிந்தோ!” என்றாள் ஒருத்தி.

ஒக்டாவியோ அதுவரை அடக்கிய மூச்சை விட்டான். அப்பன் தப்பித்தான் என்கிற நிம்மதியில் சிரித்தே விட்டான். “அம்மணி, நான் ஏதோ நினைச்சுட்டேன். நாளைக்கே புகாரை வாபஸ் வாங்கிடறேன்…”

“வாயை மூடு!” என்றாள் எடெல்மிரா, அவன் பக்கம் திரும்பாமலே. மக்லோவியோவிடம் பாய்ந்தாள். “என்னய்யா செஞ்சு வெச்சிருக்கீங்க? நான் கொடுத்த படம் எங்க? இது எங்க அப்பா! பைத்தியம் பிடிச்சிருச்சா?”

மக்லோவியோ தலையைக் குனிந்துகொண்டார். “உங்க அம்மாதான் வந்து கல்யாணப் படத்தைக் கொடுத்தாங்க. கொளுத்தப் போறவ நான், மூஞ்சி நான் சொல்றதுதான்னாங்க. நான் என்ன செய்ய?”

நியேவெஸ் கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். கடையில் உட்காருகிற அதே ஏப்ரன், பச்சைக்கறை படிந்த கை.

“கத்தாதேடி. நான்தான் மாத்தினேன்.”

“ஏம்மா? அப்பா என்னம்மா பாவம் பண்ணாரு? அவரும் உன்னை மாதிரி…”

“அவன் என்னை மாதிரியா?” கிழவியின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். “உன் ஓவியக்காரனுக்கு முள்ளு மடலால அன்னிக்கே கொடுத்தாச்சு. அவன் சுவத்துல திருப்பிக் கொடுத்தான். அடிக்கு அடி சரியாப் போச்சு. அவன் எனக்கு யாரு? மாமனா மச்சானா? ஊர் பேசிச்சு, காசு போட்டான் எவனெவனோ. அவங்க எனக்கு யாரு? உங்க அப்பன் என்கூட ஏழு வருஷம் ஒரே பாயில படுத்தவன். என்னைத் தெரிஞ்சவன். அவன் படுதா இறங்கினதும் என் மூஞ்சியைப் பார்க்கலை. சுவத்தைப் பார்த்தான். பார்த்துட்டு, நெருப்பில்லாம புகையுமான்னு கேட்டான். ஊரு கேக்கலைடி முதல்ல. அவன்தான் கேட்டான்.”

பாண்டுக்காரர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

“அதுக்கு ஆறு மாசம் முன்னாலேயே அவன் புவெப்லா ஊருல ஒரு தையல்காரி வீட்டுக்குப் போயி வந்துக்கிட்டிருந்தான். எனக்குத் தெரியும். போறதுக்கு ஒரு சாக்கு வேணும், சுவரு குடுத்துச்சு. மானஸ்தனாம்! நீ சின்னப் பொண்ணு, அப்பன்னு ஒருத்தன் நல்லவனா இருந்துட்டுப் போகட்டும்னு நான் வாயைத் தெச்சுக்கிட்டேன். நீ என்னடான்னா ஊர் ஊரா ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து, என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, ‘எங்க அப்பா பாவம், எங்க அப்பா பாவம்’னு தினமும் சொன்னே. சுவரு ஒரு தடவைதான்டி என்னை அடிச்சுது. நீ தினமும் அடிச்சே.”

எடெல்மிரா குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். விழுந்துவிடுவாளோ என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

“அட்டையைப் புடுங்கிட்டாங்கன்னு வந்து நின்னியே, அன்னிக்கு முடிவு பண்ணேன்” என்றாள் நியேவெஸ். “தப்பான ஆளைக் கொளுத்திட்டு என் மவ நிம்மதியாத் தூங்கக்கூடாது. மக்லோவியோ, நெருப்பைக் கொடு.”

மக்லோவியோ தீப்பெட்டியைக் கொடுத்தார். கிழவி காலடித் திரியில் வைத்தாள். பொம்மை சுற்ற ஆரம்பித்தது. ஒரு கால் போயிற்று, அடுத்த கால் போயிற்று, பெட்டி பிடித்த கை சிதறி முன்வரிசைச் சீமாட்டிகள் அலறிக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். வயிறு வெடித்தபோது சால்டிவார் படத்தின் மாலை புகையில் காணாமல் போயிற்று. சந்தை ஜனம் விசிலடித்துத் தீர்த்தது. நான் எதற்கு விசிலடிக்கிறேன் என்று தெரியாமலே விசிலடித்தேன். அந்த ஹசிந்தோவுக்காகப் பாவப்பட்டேனே என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

புகை கலைந்தபோது தலை மட்டும் கயிற்றில் தொங்கியது. தொப்பிகூடக் கலையவில்லை. தலைக்கு மக்லோவியோ தனித் திரி வைப்பார், அது அவர் தொழில் முறை. உடம்பை ஒருவர் கொளுத்தலாம், தலையை இன்னொருவர் கொளுத்தலாம்.

நியேவெஸ் தீப்பெட்டியை மகளிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்கும்மா?” எடெல்மிரா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “கணக்கு உன்னோடது.”

“என்னோடது இப்பத்தான் வெடிச்சுது. இது உன்னோடது. ஆறு வயசுக் குழந்தை வாசல்ல நின்னு அழுதுச்சு. அவன் அதைத் தாண்டிக்கிட்டுப் போனான். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸுக்காவது, உசுரோட இருக்கியான்னு கேட்டானா? புவெப்லா என்ன, கடலுக்கு அந்தாண்டையா இருக்கு? விட்டுட்டுப் போனது என்னை மட்டும்னு நினைச்சியா?”

எடெல்மிரா தலையை அண்ணாந்து பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, கல்யாணப் படத்தில் சிரித்த சிரிப்பு. அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால் சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். அம்மாவோ நானோ கிட்டே போகவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திப்போட்டு, தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். கைக்கு எட்டவில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், முன்வரிசை நாற்காலிதான், அதிகாரி எவனோ உட்கார்ந்திருந்தது. ஏறி நின்று குச்சியை உரசினாள். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதைக் கையால் பொத்தித் திரியில் வைத்துவிட்டு, இறங்கி ஓடாமல் இரண்டு எட்டு தள்ளி அப்படியே நின்று பார்த்தாள். தலை வெடித்துக் காகிதம் அவள் தலைமுடியெல்லாம் விழுந்தது.

பாண்டுக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜனம் கைதட்டியது. எடெல்மிரா முடியிலிருந்து காகிதத்தைத் தட்டிவிட்டாள். கண் இன்னும் காயவில்லை. ஆனால் சாயங்காலச் சுவருக்கு முன்னால் இத்தனை வருஷமாக நான் பார்த்த அந்த முகம் இல்லை அது.

“மக்லோவியோ” என்றாள். “அடுத்த வருஷமும் இதே மூஞ்சிதான். இன்னும் பெரிசா செய்யுங்க.”